பதில் இல்லை

மருந்து இல்லாத நோய்க்காரர்களை மருந்து வரும்வரை தூங்க வைத்திருக்கலாம் என்று ஆன பிறகு, அவர்களை எப்படித் தூங்க வைப்பது என்பதில் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. யார் எழுப்புவது என்பதில்தான் வந்தது.

ஆரம்பத்தில் மருத்துவர்களே எழுப்பினார்கள். நோய் போயிற்று, ஆள் பிழைத்தார். ஆனால் அழைத்துப்போகச் சிலருக்கு யாரும் வரவில்லை. பதினைந்து வருடம் கழித்துக் கண் திறந்தவருக்கு வீடு இல்லை, தெரிந்த முகம் இல்லை, செய்துகொண்டிருந்த வேலையே ஊரில் இல்லை. அப்படி ஒருவர் மருத்துவமனை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு மத்தியானம் பள்ளத்தாக்குப் பக்கம் நடந்து போனார், திரும்பவில்லை. செய்தி பெரிதானது. சட்டம் வந்தது. பொறுப்பேற்க உறவினர் ஒருவர் சம்மதித்தால்தான் இனி யாரையும் எழுப்பலாம்.

கோத்தகிரிக்கு மேலே இருந்த நெடுந்துயில் நிலையம் இந்தச் சட்டத்தை ஒற்றை வரியாக்கித் தன் கணினியில் எழுதிக்கொண்டது. உறவினர் சம்மதம் மற்றும் மருந்துப் பொருத்தம். இரண்டும் உண்மையானால் எழுப்பு. வருடத்துக்கு ஒருமுறை அந்த வரியுள்ள நிரல், அதாவது ஸ்கிரிப்ட், ஓடும். தூங்குகிற ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஓர் இயந்திரக் குரல் போன் செய்து கேட்கும், வந்த பதிலைப் பதிந்துகொள்ளும்.

தமயந்தி அங்கே வேலைக்குச் சேர்ந்தது இந்த ஸ்கிரிப்டுகளைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றிக் கொடுக்க. கோவையில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவள். தூங்குகிறவர்களுக்கு நடுவே வேலை பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. யாரும் மீட்டிங்குக்குக் கூப்பிடுவதில்லை.

சேர்ந்து சில வாரங்களில் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. தூங்குகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்துப் பொருத்தம் பார்த்த முடிவுகளே இல்லை. மாற்றும்போது தகவல் தொலைந்துவிட்டதோ என்று முதலில் பயந்தாள். பழைய கணினியிலும் இல்லை என்று தெரிந்ததும் தலைமை மருத்துவர் ஷெரீஃபாவின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், நாலாவது மாடியில பார்வதின்னு ஒரு அம்மா தூங்கறாங்க. பன்னண்டு வருஷமா அவங்களுக்கு ரத்தம்கூட எடுக்கலையே, ஏன்?"

"எடுக்காம இருக்காதே. வருஷா வருஷம் எல்லாருக்கும் பாக்கறதுதானே?"

"எல்லாருக்கும் இல்ல டாக்டர். உறவினர் சரின்னு சொன்னவங்களுக்கு மட்டும்தான்."

ஷெரீஃபா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சட்டம் ரெண்டையும்தானே பாக்கச் சொல்லுது?"

"ரெண்டும் இருந்தா எழுப்பச் சொல்லுது. ரெண்டையும் பாக்கச் சொல்லலை. ஹோட்டல்ல போய் பரோட்டாவும் சால்னாவும் இருக்கான்னு கேக்கறீங்க. பரோட்டா தீந்து போச்சுன்னா, சால்னா இருக்கான்னு கடைக்காரர் மூடியைத் தூக்கிப் பாப்பாரா?"

"மாட்டார். இல்லைன்னுடுவார்."

"'மற்றும்'னு எழுதினா கணினியும் அப்படித்தான். முதல் கேள்விக்கே பொய்னு வந்துட்டா ரெண்டாவதைத் தொடவே தொடாது. பார்வதியம்மா வீட்டுல போன் எடுக்க ஆள் இல்ல. சம்மதம் காலி. அதோட நிறுத்திடுச்சு. மருந்து வந்துச்சா இல்லையான்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

"யாரு இப்படித் தப்பா எழுதி வெச்சது?"

"தப்புன்னு சொல்ல முடியாது டாக்டர். ரத்தம் எடுத்து, உடம்போட மாதிரியைக் கணினியில உருவாக்கி, மருந்தை அதுல ஓட்டிப் பாக்கறது பெரிய வேலை. போன் பண்றது சுலபம். சுலபமானதைத்தான் முன்னாடி வெப்போம். நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்."

ஷெரீஃபா கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "மாத்திப் போடுங்க. முதல்ல எல்லாருக்கும் மருந்தைப் பாருங்க," என்றார்.

இரண்டு சொற்களை இடம் மாற்றினாள், அவ்வளவுதான். முடிவுகள் வந்து சேர ஒரு கோடைக்காலம் முழுக்க ஆனது. இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மருந்து எப்போதோ வந்திருந்தது. கேட்க ஆளில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஷெரீஃபா சென்னைக்கும் கோத்தகிரிக்குமாக அலைந்து, அதிகாரிகளோடு சண்டை போட்டு, ஒரு விலக்கு வாங்கி வந்தார். உறவினரிடமிருந்து பதிலே வராதவர்களுக்கு, தூங்கப் போகுமுன் அவர்களே சொல்லி வைத்த விருப்பத்தை ஏற்றுக்கொள்ளலாம். எழுந்தபின் நிலையமே தங்க இடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும். தமயந்தி அதை எழுதினாள். சம்மதம் என்றால் உறவினர் பதில் அல்லது சொந்த விருப்பம். பார்வதியம்மாவின் பெயரைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். சம்மதம் உண்மை, மருந்து உண்மை. எழுப்பு என்றது.

வாரத்துக்கு இரண்டு மூன்று பேராக எழுப்பத் தொடங்கினார்கள். பார்வதியம்மா கண் விழித்ததும் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று நினைவில்லை, யாராவது போய்ப் பாருங்கள் என்றார். சிலிண்டர் என்ற பொருளை அந்த நர்ஸ் சின்ன வயதில் பார்த்ததோடு சரி. அன்றைக்குச் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தமயந்தி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் அழுதுவிட்டு வந்தாள். சந்தோஷத்தில்தான்.

அடுத்த வாரம் எழுந்தவர்களில் சௌந்தரபாண்டியன் ஒருவர். தாராபுரத்துக்காரர், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர், ரத்தத்தில் வந்த நோயோடு பத்தொன்பது வருடம் தூங்கியவர். இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடை பழகும்போதே நர்ஸுகளைச் சிரிக்க வைத்துவிடுவார். ஒரு நாள் அந்தப் பக்கம் போன தமயந்தியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மணி, கம்ப்யூட்டர்ல எங்களையெல்லாம் எழுப்பி விட்டது நீங்கதானாமே? என்ற சம்சாரத்துக்குத் தகவல் சொல்லியாச்சுங்களா?"

"பாக்கறேன் சார்."

"வசுமதின்னு பேரு. போன வெள்ளிக்கிழமை எங்களுக்குள்ள சின்னதா ஒரு சண்டைங்க. அதுல கோவிச்சுட்டு இருப்பா. நான் எந்திரிச்சுட்டேன்னு சொல்லுங்க, ஓடியாந்துருவா."

போன வெள்ளிக்கிழமை என்றால் பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அவருக்கு அது போன வாரம். பதில் வராத வீடுதானே, அந்த அம்மாள் உயிரோடு இல்லாமலிருக்கலாம், பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி தமயந்தி தன் இருக்கைக்கு வந்து அவருடைய பதிவைத் திறந்தாள்.

உறவினர் பதிலுக்கான இடம் காலியாக இல்லை. பதில் இருந்தது. வேண்டாம். அதற்கு முந்தைய வருடமும் வேண்டாம். அவள் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். முதல் வருடத்திலிருந்து ஒரு வருடம் விடாமல் அந்த அம்மாள் போனை எடுத்து வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

தான் எழுதிய வரியை மறுபடி படித்தாள். உறவினர் பதில் அல்லது சொந்த விருப்பம். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஷெரீஃபாவின் எதிரே உட்காராமல் நின்றபடியே சொன்னாள். "தப்பு என்னோடது டாக்டர். 'அல்லது'ன்னா, முதல்ல இருக்கறது பொய்யா இருந்தா அடுத்ததை எடுத்துக்கோன்னு அர்த்தம். பதில் வராத காலி இடமும் இந்தக் கணினி மொழிக்குப் பொய்தான். மறுப்பும் பொய்தான். ரெண்டும் அதுக்கு ஒண்ணு. யாருமே பதில் சொல்லாதவங்களுக்குன்னு நெனச்சு எழுதினேன். வேண்டாம்னு சொன்னவங்களையும் அது சொல்லாதவங்களா எடுத்துக்கிச்சு. பார்வதியம்மா பேரைப் போட்டுப் பாத்தேனே தவிர, மறுத்த ஒருத்தர் பேரைப் போட்டுப் பாக்கலை."

"திரும்பத் தூங்க வைக்கறதுன்னா..." என்று தொடங்கிய ஷெரீஃபா தானே தலையை ஆட்டிக்கொண்டார். "முடியாது. அவர் இப்ப நோயாளியே இல்ல. நல்லா இருக்கற மனுஷனைத் தூங்க வைக்க எனக்கு என்ன உரிமை? இன்னும் எத்தனை பேரு இப்படி?"

"எழுந்தவங்கள்ல இவர் ஒருத்தர்தான். வரிசையில இன்னும் நாலு பேர் இருக்காங்க. நிறுத்திட்டேன்."

"அந்த அம்மாவுக்குத் தெரியணும். போன்ல சொல்ற விஷயம் இல்ல இது."

வசுமதி தாராபுரம் புறவழிச்சாலையில் வண்டிகளுக்குப் பேட்டரி மாற்றிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். ஐம்பதைத் தொட்ட வயது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தவர், நிலையத்தின் பெயரைக் கேட்டதும் கடைப்பையனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தமயந்தியைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"இந்தப் பக்கமா வந்து உக்காருங்க. அந்தக் காது எனக்குக் கேக்காதுங்க."

தமயந்தி இடம் மாறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தும் வார்த்தைகள் ஒழுங்காக வரவில்லை. சொல்லி முடித்ததும் வசுமதி அழவில்லை, கோபப்படவும் இல்லை. கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"நடக்கறாருங்களா?"

"கம்பியைப் புடிச்சுக்கிட்டு நடக்கறாருங்க."

"நான் வேண்டாம்னுதானுங்களே சொன்னேன். இதுக்கு மேல எப்படிச் சொல்லோணும்?"

"தெளிவாத்தான் சொல்லியிருக்கீங்க. நாங்கதான் கேக்கலை."

"அந்தப் பொம்பளைக் குரல் கேக்குமுங்க, வேண்டாம்பேன். அடுத்தாப்புல, தூக்கத்தையே நிறுத்திரலாமான்னு கேக்கும். நிறுத்துனா ஆள் போயிருவாருன்னு எனக்குத் தெரியுமுங்க. அதுவும் வேண்டாம்பேன். ஒரு வருசங்கூட அவரு சாகட்டும்னு நான் சொல்லலீங்க. எந்திரிக்க வேண்டாம்னுதான் சொன்னேன்." அவர் கேட்காத காதின் பக்கம் முடியை ஒதுக்கிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் அடிச்சதுல போச்சுங்க இது. புள்ளைக்கு அப்ப மூணு வயசு. அவ கண்ணுக்கு முன்னால."

சின்னதாக ஒரு சண்டை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது தமயந்திக்கு ஞாபகம் வந்தது. அதை அவள் வசுமதியிடம் சொல்லவில்லை.

"உங்களுக்குப் பாதுகாப்பு வேணும்னு எங்க டாக்டரே கோர்ட்ல கேக்கறேன்னாங்க. அவரை இந்த ஊர்ப்பக்கம் அனுப்ப மாட்டோம்."

"கேளுங்க. ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒருக்கா அங்க வரோணுங்க."

சொன்னபடியே வந்தார். நிலையத்தின் முற்றத்து வெயிலில் சக்கர நாற்காலியில் சௌந்தரபாண்டியன் உட்கார்ந்திருந்தார். மனைவியைக் கண்டதும் அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்து ஷெரீஃபாவைப் பார்த்தார்.

"பாத்தீங்களா டாக்டர், வந்துட்டா. எனக்குத் தெரியும்."

"கூட்டிட்டுப் போக வரலீங்க," என்றார் வசுமதி. "வருசா வருசம் போன்ல சொன்னேன். இவங்க மெசினுக்கு அது கேக்கல. அதனால உங்ககிட்டயே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். வேண்டாங்க."

"ஒரே ஒரு அடி. அதுக்கா இத்தனை வருசம்?"

"ஒரு அடியா? நல்லா யோசிச்சுப் பாருங்க. உங்களுக்குப் போன வாரந்தானே, மறந்திருக்காது."

வசுமதி திரும்பி நடந்தார். வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்த சௌந்தரபாண்டியன் பிறகு ஷெரீஃபாவிடம் உடைந்த குரலில் கேட்டார். "அவ சொல்றது இருக்கட்டும். உசுரு என்னோடதுங்க. நான் எந்திரிக்கலாமா கூடாதான்னு அவகிட்டப் போய் எதுக்குக் கேட்டீங்க?"

கோர்ட் உத்தரவு வந்தது. சௌந்தரபாண்டியன் மேட்டுப்பாளையத்தில் நிலையம் பார்த்துக் கொடுத்த அறைக்குப் போனார். காய்கறி மண்டியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. தாராபுரம் பக்கம் அவர் போகவில்லை.

அவர் கேட்ட கேள்வி மட்டும் நிலையத்திலேயே தங்கிவிட்டது. ஸ்கிரிப்டைத் திருத்த உட்கார்ந்தபோது ஷெரீஃபாவே அதை எடுத்தார்.

"சரி, இனிமே மறுப்பு வேற, காலி வேறன்னு எழுதிடுவீங்க. அப்புறம்? ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா இன்னொருத்தர் காலம் முழுக்கத் தூங்க வேண்டியதுதானா? வசுமதிக்கு ஒரு காரணம் இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படி இருக்கும்னு சொல்ல முடியுமா? சொத்துக்காகச் சொல்றவங்க இருக்கலாம்."

"அதை ஒரு வரியில எழுத முடியாது டாக்டர். மறுப்பு வந்தா ஸ்கிரிப்ட் அங்கயே நிக்கட்டும். எழுப்பவும் வேண்டாம், அடுத்த வருஷத்துக்குத் தள்ளவும் வேண்டாம். யாராவது ஒரு மனுஷங்க அந்த வீட்டுக்குப் போய் ஏன்னு கேக்கட்டும்."

"யாரு போறது?"

"வரிசையில நிறுத்தி வெச்ச அந்த நாலு பேர் வீட்டுக்கும் நான் போறேன்."

முதல் வீடு மணப்பாறையில். தூங்குகிறவள் செலின், நுரையீரல் நோயோடு பத்தொன்பது வயதில் வந்தவள். பதில் சொல்பவர் அப்பா இன்னாசி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லா வருடமும் ஒரே பதில்: 'இல்லை'. பெற்ற மகளை எழுப்ப மாட்டேன் என்று சொல்லும் தகப்பன் எப்படி இருப்பார் என்று தமயந்தி வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனாள்.

கதவைத் திறந்தவர் தலை முழுக்க நரைத்த, நெடிய மனிதர். கோத்தகிரி என்று கேட்டதும் உள்ளே ஓடிப்போய் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மைதானத்தில் கேட்பதுபோல உரக்கக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லா தூங்கறாங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. ஏன் எழுப்ப வேண்டாம்ங்கறீங்க?"

"யாரு? நானா?"

"வருஷா வருஷம் போன்ல..."

"என்னம்மா சொல்றீங்க? வருஷா வருஷம் நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேனே. அந்தப் பொண்ணு என்ன கேக்கும்? 'உங்கள் மகளை எழுப்புவதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?' அப்படித்தானே கேக்கும்?"

தமயந்திக்கு அது தெரியாது. இவ்வளவு நாளும் அவள் பார்த்ததெல்லாம் பதில்களைத்தான். அந்தக் குரல் என்ன வார்த்தைகளில் கேட்கிறது என்று ஒருமுறைகூடப் போனைக் காதில் வைத்துக் கேட்டதில்லை.

"இல்லைன்னு சொல்லுவேன். பெத்த அப்பனுக்கு என்ன ஆட்சேபணை? இல்லவே இல்லைன்னு கத்திக்கூடச் சொல்லியிருக்கேன். அடுத்தது, தூக்கத்தை நிறுத்திரலாமான்னு கேக்கும். ஐயோ அது மட்டும் வேண்டாம்மான்னு சொல்லுவேன். அப்புறம் நன்றின்னு வெச்சிரும். மருந்து இன்னும் வரலை போலன்னு நெனச்சுக்குவேன்."

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லை என்ற சொல்லை இயந்திரம் மறுப்பாக எடுத்துக்கொண்டதையும், மறுப்பு என்றதும் மருந்தைப் பற்றிக் கேட்காமலேயே இத்தனை வருடமும் நிறுத்திக்கொண்டதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். இன்னாசி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மருந்து எப்ப வந்துச்சு?"

"ஏழு வருஷம் இருக்கும் சார்."

அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். செலினின் சாயலில் ஒரு பெண்மணி, படத்துக்குக் கீழே சின்ன விளக்கு. "அவங்க அம்மா போயி அஞ்சு வருஷம் ஆகுது. கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடந்தா, கோத்தகிரியில இருந்து போன் வந்துச்சாங்கன்னு."

தமயந்திக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்தச் சொல் அங்கே எதற்கும் போதாது என்று தோன்றியது. பிறகு இன்னாசி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இப்ப எழுப்பலாமா?"

"எழுப்பலாம் சார். டாக்டர்கிட்டச் சொல்லிடறேன். நீங்க ரெண்டு நாள் கழிச்சு வந்தாக்கூடப் போதும்."

"எதுக்கு ரெண்டு நாள்? உங்க வண்டியிலயே வந்துடறேன்."

ஒரு பையில் இரண்டு சட்டைகளையும் மனைவியின் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினார். என்ன நினைத்தாரோ, மறுபடி பூட்டைத் திறந்து படத்தை உள்ளேயே வைத்துவிட்டு வந்தார். வண்டி கடைவீதியைத் தாண்டும்போது சட்டென்று முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, அந்த சலூன்கிட்ட நிறுத்துங்க."

"என்ன சார்?" என்றாள் தமயந்தி.

"பாப்பா தூங்கப் போனப்ப எனக்கு ஒரு முடிகூட நரைக்கலைம்மா." அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "கொஞ்சம் கறுப்பு அடிச்சுக்கிட்டு வந்துடறேன். கண்ணைத் தொறந்ததும் அவளுக்கு என்னைத் தெரியணும்ல."

சலூன்காரர் துண்டை உதறி அவர் கழுத்தில் சுற்றுவது கண்ணாடி வழியே தெரிந்தது. தமயந்தி வண்டியிலேயே உட்கார்ந்து ஷெரீஃபாவுக்குப் போன் போட்டாள்.